உணவு வீணாவதைக் குறைப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

வீடுகள், உணவகங்கள், சில்லறைக் கடைகள் ஆகிய மூன்றிலுமாக 2022-ஆம் ஆண்டில் 105 கோடி டன் உணவு குப்பைக்குப் போனதாக ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை மதிப்பிடுகிறது. நுகர்வோர் கைக்கு எட்டும் நிலைக்கு வந்துவிட்ட உணவில் இது 19 விழுக்காடு. 2024-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 67 கோடிப் பேர் பசியோடு வாழ்ந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டிருக்கின்றன. வீணான அந்த உணவில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது என்பதுதான் நாம் நின்று கவனிக்க வேண்டிய செய்தி. பெரிய கடைகளும் விருந்து மண்டபங்களும்தான் உணவை வீணாக்குகின்றன என்று பலரும் நம்பிக்கொண்டிருக்க, அவை இரண்டும் சேர்ந்து செய்வதைவிட அதிகமாக நம் சமையலறைகள் செய்கின்றன.

இதைக் குறைக்க வேண்டும் என்ற விருப்பம் இருந்தும் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஆர்வத்தோடு இறங்குகிறவர்களில் பலர் முதல் வேலையாக மட்கு உரத் தொட்டி ஒன்றை வாங்குகிறார்கள். அது நல்ல காரியம். ஆனால் வரிசையில் கடைசியில் வர வேண்டிய காரியம். ஓர் உணவு குப்பைக்குப் போகுமா வயிற்றுக்குப் போகுமா என்பது, பெரும்பாலும் அது தட்டுக்கு வருவதற்கு முன்பே, வாங்கும்போதும் எடுத்து வைக்கும்போதும் முடிவாகிவிடுகிறது. ஆகவே வேலையையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியவை

துறை சார்ந்தவர்கள் உணவு இழப்பு, உணவு விரயம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். அறுவடைக்குப் பிறகு கடைக்கு வந்து சேரும்வரை, அதாவது களத்திலும் கிடங்கிலும் லாரியிலும் பதப்படுத்தும் ஆலையிலும் கெட்டுப்போவது இழப்பு. கடை, உணவகம், வீடு ஆகிய இடங்களில் வீணாவது விரயம். உலகில் விளையும் உணவில் ஏறத்தாழ 13 விழுக்காடு இழப்பாகப் போகிறது என்பது ஐ.நா. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் மதிப்பீடு. மேலே சொன்ன 105 கோடி டன்னில் இது அடங்காது.

பருவநிலைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு இரண்டு வழிகளில் நடக்கிறது. விதைத்தது, நீர் பாய்ச்சியது, உரமிட்டது, ஏற்றி இறக்கியது, குளிரூட்டியது, சமைத்தது என்று ஒவ்வொரு கட்டத்திலும் வெளியான வாயுக்கள் அனைத்தும், அந்த உணவை எவரும் உண்ணாதபோது, பயனின்றி வெளியானவையாகிவிடுகின்றன. அதன்பின், குப்பைக் கிடங்கில் காற்றுப் புகாமல் புதையும் உணவு அழுகும்போது மீத்தேன் உருவாகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கும், இருபதாண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. ஆனால் வளிமண்டலத்தில் அது சுமார் 12 ஆண்டுகளே நீடிக்கும் என்பதால், இன்று அதைக் குறைத்தால் பலனை நம் காலத்திலேயே காண முடியும். உணவு இழப்பும் விரயமும் சேர்ந்து, மனிதச் செயல்களால் வெளியாகும் பசுங்குடில் வாயுக்களில் 8 முதல் 10 விழுக்காட்டுக்குக் காரணம் என்று பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2019-இல் வெளியிட்ட நில அறிக்கை கூறுகிறது.

பசியோடு உள்ள தொடர்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் வீட்டில் மிச்சப்படுத்திய ஒரு கிண்ணம் சோறு, தொலைவில் பசித்திருக்கும் ஒருவருக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடாது. தொடர்பு வேறு பாதைகளில் நிகழ்கிறது. களத்திலும் கிடங்கிலும் இழப்பு குறைந்தால் சிறு விவசாயியின் குடும்பத்துக்கே உண்ணவும் விற்கவும் கூடுதலாகக் கிடைக்கிறது. உலகில் உணவுப் பற்றாக்குறையில் வாழ்பவர்களில் பெரும் பகுதியினர் கிராமப்புறத்தில் உழவை நம்பியிருப்பவர்கள் என்பதால் இது சிறிய விஷயமல்ல. கடையிலும் உணவகத்திலும் விற்காமல் நிற்கும் நல்ல உணவைத் திரட்டிக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் அது நேரடியாக ஒருவர் பசியைத் தீர்க்கிறது. வீட்டில் வீணாக்காமலிருந்தால் அந்தக் குடும்பத்தின் பணம் மிஞ்சுகிறது. கையில் பணம் குறைவாக உள்ள வீட்டில் அந்த மிச்சமே அடுத்த வேளை உணவாகிறது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள் குற்ற உணர்வில் சோர்ந்துபோகாமல், பலன் தரும் இடம் பார்த்து உழைக்கிறார்கள்.

படி 1: ஒரு வாரம் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், ஒரு வாரம் முழுவதும் என்ன வீணாகிறது என்று குறித்து வையுங்கள். குப்பைத் தொட்டிக்கு மேலே ஒரு தாளை ஒட்டி, அருகில் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். என்ன பொருள், எவ்வளவு, ஏன் என்று மூன்று பத்திகள் இருக்கட்டும். தராசு இருந்தால் எடை. இல்லாவிட்டால் ‘அரைக் கிண்ணம்’, ‘ஒரு கைப்பிடி’ என்று எழுதினாலும் பயன் குறையாது. பழத்தோல், எலும்பு, முட்டையோடு போன்ற உண்ண இயலாதவற்றைத் தனியாகக் குறியுங்கள்; அவற்றைக் குறைக்க அதிகம் செய்ய முடியாது.

‘ஏன்’ என்ற பத்திதான் உயிர். ‘கீரை, ஒரு கட்டு, வீணானது’ என்ற குறிப்பால் எதுவும் தெரியாது. ‘கீரை, ஒரு கட்டு, பிளாஸ்டிக் பையோடு அப்படியே உள்ளே வைத்தது, அடியில் கிடந்ததை யாரும் பார்க்கவில்லை, நான்காம் நாள் அழுகியது’ என்று எழுதினால், ஒரே வரியில் இரண்டு தீர்வுகள் கிடைத்துவிடுகின்றன: பையை மாற்ற வேண்டும், வைக்கும் இடத்தை மாற்ற வேண்டும். அதிகம் வாங்கியது, அதிகம் சமைத்தது, மறந்துபோனது, தவறாக வைத்தது, தேதி தாண்டியது, தட்டில் மிஞ்சியது என்ற ஆறுக்குள் பெரும்பாலான காரணங்கள் அடங்கிவிடும்.

வீட்டில் உள்ள எல்லோரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். யார் மீதும் பழி போடுவதற்காக இது எழுதப்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தட்டில் மிஞ்சியதைச் சிலர் மறைத்துக் கொட்டுவார்கள், கணக்கு பொய்யாகிவிடும். ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு வேண்டுமென்றால், உலகச் சராசரியாக ஒருவருக்கு ஆண்டுக்கு 79 கிலோ உணவு வீட்டில் வீணாகிறது. அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. தோல், எலும்பு போன்றவையும் இந்த எண்ணில் சேர்ந்திருக்கின்றன.

படி 2: வாங்குவதைச் சீராக்குங்கள்

கடைக்குப் புறப்படுமுன் சமையலறையைத் திறந்து பாருங்கள். ஏற்கெனவே இருப்பதை வைத்து எந்தெந்த வேளைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசித்துவிட்டு, குறைவதை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள். ஏழு நாளுக்கும் திட்டமிட வேண்டாம். ஐந்து நாளுக்குத் திட்டமிட்டால் போதும். எதிர்பாராத விருந்தழைப்பும், சமைக்க மனமில்லாத மாலையும், முந்தைய நாள் மிச்சமும் எஞ்சிய நாட்களை எடுத்துக்கொள்ளும். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சலுகை, விரைவில் கெட்டுப்போகும் பொருளுக்கு என்றால், அந்த இரண்டாவதை யார், எந்த நாளில் உண்ணப்போகிறார்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகு எடுங்கள்.

கோணலான காய், சிறுத்த பழம் ஆகியவற்றை ஒதுக்காமல் வாங்குவது நல்லது. சுவையிலும் சத்திலும் அவற்றுக்குக் குறையில்லை. அதுபோல, அன்றைக்கே பயன்படுத்தப்போகும் பொருளை அலமாரியின் முன்வரிசையிலிருந்து எடுங்கள். பின்னால் கைவிட்டுப் புதிய தேதியுள்ளதை எடுக்கும்போது, முன்னால் இருப்பது விற்காமல் குப்பைக்குப் போகிறது. ஜப்பானில் அரசும் கடைகளும் சேர்ந்து, ‘முன்னால் இருப்பதை எடுங்கள்’ என்று அலமாரிகளிலேயே அட்டை ஒட்டி இதை வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டுகின்றன.

படி 3: எடுத்து வைக்கும் முறை

என் பார்வையில் மிகுந்த பலன் தரும் படி இதுதான். பணம் செலவழிக்காமல், உணவுப் பழக்கத்தையும் மாற்றாமல், வைக்கும் இடத்தை மாற்றுவதால் மட்டுமே ஒரு பொருளின் ஆயுளைப் பல நாட்கள் நீட்டிக்க முடிகிறது.

ஃபிரிட்ஜுக்குள் வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு சிறிய வெப்பமானியை உள்ளே ஓர் இரவு வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கதவு அடிக்கடி திறக்கப்படுவதால் கதவில் உள்ள தட்டுகள்தான் அதிகம் சூடேறும் இடம். ஆகவே பாலை உட்புறத் தட்டில் வைத்து, ஊறுகாய், சாஸ் போன்ற கெடாத பொருள்களைக் கதவுக்கு மாற்றுங்கள். பச்சை இறைச்சியும் மீனும் மூடிய பாத்திரத்தில் கீழ்த்தட்டில் இருக்கட்டும். அவற்றிலிருந்து வடியும் நீர் மற்ற உணவின் மேல் சொட்டக் கூடாது. சமைத்த உணவு கண் மட்டத்தில், முடிந்தால் உள்ளிருப்பது வெளியே தெரியும் டப்பாவில் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாதது மறந்துபோகும், மறந்துபோனது கெட்டுப்போகும்.

சில பழங்கள் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகின்றன. வாழை, ஆப்பிள், மா, தக்காளி ஆகியவை அந்த வகை. கீரைகளும் வெள்ளரியும் ப்ரோக்கோலியும் அந்த வாயு பட்டால் விரைவில் மஞ்சளித்துத் தளர்ந்துவிடும். இந்த இரு கூட்டத்தையும் பிரித்து வைத்தாலே போதும். காயாக இருக்கும் ஒரு பழத்தைச் சீக்கிரம் பழுக்க வைக்க வேண்டுமென்றால், அதே வாயுவைப் பயன்படுத்தி, ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பைக்குள் மூடி வைக்கலாம்.

கீரையைக் கொண்டுவந்ததும் அழுகிய இலைகளைக் களைந்து, ஈரமில்லாமல் உலர்த்தி, பருத்தித் துணியிலோ காகிதத்திலோ சுற்றிக் காய்கறிப் பெட்டியில் வையுங்கள். இலைமேல் தேங்கும் நீரே அதை அழுகச் செய்கிறது; முற்றிலும் காற்றுப் பட்டாலோ வாடிவிடும். துணி இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று காக்கிறது. வாழைப்பழத்தையும் பழுக்காத தக்காளியையும் குளிரில் வைக்க வேண்டாம். உருளைக்கிழங்கு இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில், வெங்காயத்திலிருந்து விலகி இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டுப் பச்சையாகிவிட்ட கிழங்கில் சோலனைன் என்ற நச்சு மிகும் என்பதால் பச்சைப் பகுதியை ஆழமாக வெட்டி எறிய வேண்டும். ரொட்டி ஃபிரிட்ஜில் வைத்தால் வெளியில் இருப்பதைவிட விரைவில் விறைத்துப்போகும். அதை ஃப்ரீசரில் வைப்பதே சரி.

புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வைப்பதைப் பழக்கமாக்குங்கள். ஃபிரிட்ஜில் ஒரு தட்டையோ கூடையையோ ஒதுக்கி, ‘முதலில் இதை எடு’ என்று எழுதி ஒட்டி, பாதி வெட்டிய வெங்காயம், திறந்த தயிர், நேற்றைய குழம்பு என்று அவசரமானவற்றை அதில் சேர்த்துவிட்டால், சமைக்க வருபவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

படி 4: தேதியைப் படிக்கும் முறை

பொட்டலங்களில் இரண்டு வகைத் தேதிகள் இருக்கும். ‘இந்தத் தேதிக்குள் பயன்படுத்தவும்’ என்பது பாதுகாப்பைப் பற்றியது. இறைச்சி, மீன் போன்ற விரைவில் கெடும் பொருள்களில் இது இருந்தால், அதைத் தாண்டி உண்ணக் கூடாது. ‘இந்தத் தேதிக்கு முன் சிறந்தது’ என்பது தரத்தைப் பற்றியது. அந்தத் தேதி கடந்த பிஸ்கட்டின் மொறுமொறுப்பு குறைந்திருக்கலாம், மசாலாவின் மணம் மங்கியிருக்கலாம். ஆனால் பொட்டலம் பிரியாமல், சரியாக வைத்திருந்தால், பார்த்து, முகர்ந்து, சுவைத்து முடிவு செய்யலாம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நல்ல உணவு பெருமளவில் எறியப்படுகிறது. பொட்டலத்தைத் திறந்துவிட்டால், அச்சிட்ட தேதிவரை அது தாங்கும் என்று நம்ப முடியாது என்பதால், திறந்த நாளை மேலே எழுதி வையுங்கள்.

படி 5: சமைப்பதும், மிச்சமும்

அளந்து சமையுங்கள். உங்கள் வீட்டில் ஒருவருக்கு எத்தனை குவளை அரிசி என்று ஒரு முறை கண்டறிந்துவிட்டால், பிறகு கைக்கணக்குத் தேவைப்படாது. பரிமாறும்போது குறைவாக வைத்து, கேட்டால் மீண்டும் வைப்பது நல்லது. பாத்திரத்தில் மிஞ்சியதை நாளை உண்ணலாம். தட்டில் மிஞ்சியதை உண்ண முடியாது.

சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும். பெரிய பாத்திரத்தில் ஆழமாக இருக்கும் உணவு ஆற வெகுநேரம் எடுக்கும் என்பதால், அகலமான தாழ்ந்த பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து உள்ளே வையுங்கள். சோற்றில் இது மிக முக்கியம்: அரிசியில் உள்ள பசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் பிழைத்திருந்து, சோறு வெளியில் கிடக்கும்போது நச்சை உருவாக்குகின்றன, அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழியாது. குளிரில் வைத்த சமைத்த உணவை மூன்று, நான்கு நாட்களுக்குள் உண்டு முடிக்க வேண்டும். அதற்குள் முடியாது என்று தோன்றினால், கெடும்வரை காத்திருக்காமல் முதல் நாளே ஒரு வேளைக்கான அளவுகளாகப் பிரித்து, பெயரும் தேதியும் எழுதி, மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்துவிடுங்கள். உண்ணும்போது ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும்.

கெட்ட உணவை உண்பது சிக்கனம் ஆகாது. ரொட்டி, பழக்கூழ், சமைத்த உணவு போன்ற மென்மையானவற்றில் பூஞ்சை தென்பட்டால் முழுவதையும் எறிந்துவிடுங்கள். மேலே தெரிவதைவிட ஆழமாக அது உள்ளே பரவியிருக்கும். பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஈரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் இருக்கக்கூடும் என்பதால் அவற்றில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

படி 6: மிகுந்ததை மனிதருக்குக் கொடுங்கள்

பயன்படுத்தப்போவதில்லை என்று தெரிந்ததுமே கொடுத்துவிட வேண்டும். கெடும் தறுவாயில் கொடுப்பது பெறுபவருக்கு மரியாதை ஆகாது. மிகுந்த உணவைத் திரட்டித் தேவைப்படுவோருக்குக் கொடுக்கும் உணவு வங்கிகள் பெரும்பாலும் பிரிக்காத, தேதி கடக்காத பொட்டலங்களையும் நல்ல நிலையிலுள்ள காய்கனிகளையும் ஏற்கும். சமைத்த உணவைக் கொடுப்பதென்றால், 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, 5 டிகிரிக்குக் கீழ் குளிராகவோ கொண்டுபோய்ச் சேர்க்கும் வசதி உள்ள அமைப்பிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எத்தனை பேருக்கான உணவு, எத்தனை மணிக்குச் சமைத்தது, என்னென்ன சேர்ந்துள்ளது என்ற மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

இந்த ஏற்பாடு 1967-இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவர் தொடங்கிய உணவு வங்கியிலிருந்து உலகெங்கும் பரவியது. பிரான்ஸ் 2016-இல் இயற்றிய சட்டம், பெரிய கடைகள் விற்காத நல்ல உணவை அழிப்பதைத் தடைசெய்து, தொண்டு அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும்படி கூறுகிறது. தனிமனித நல்லெண்ணம் தேவைதான். அது நாள்தோறும் தவறாமல் நடக்க வேண்டுமானால் சட்டமும் வண்டியும் குளிர்கிடங்கும் வேண்டும்.

படி 7: எஞ்சியதை மண்ணுக்கு

இனி மனிதருக்கு ஆகாதது என்றானபின் கால்நடைத் தீவனம், சாண எரிவாயுக் கலம், மட்கு உரம் ஆகியவை வருகின்றன. மட்கு உரத் தொட்டியில் ஈரமான சமையலறைக் கழிவு ஒரு பங்குக்கு, காய்ந்த இலை, வைக்கோல், கிழித்த அட்டை போன்றவை இரண்டு மூன்று பங்கு சேருங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி மட்டும் கசிய வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று குறைவு என்று பொருள். காய்ந்ததைச் சேர்த்துக் கிளறிவிட்டால் சரியாகும். இறைச்சி, எண்ணெய், பால் பொருள்களை வீட்டுத் தொட்டியில் போட வேண்டாம். தென் கொரியா 2005-இல் உணவுக் கழிவை நேரடியாகக் குப்பைக் கிடங்கில் புதைப்பதைத் தடைசெய்து, 2013 முதல் வீடுகள் எறியும் அளவுக்கேற்பக் கட்டணம் வசூலித்து, இன்று அந்தக் கழிவில் பெரும்பகுதியைத் தீவனமாகவும் உரமாகவும் எரிவாயுவாகவும் மாற்றிக்கொள்கிறது.

விளைவிப்பவர்களுக்கு

தானியத்தைச் சேமிப்பவர்கள் ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை உலர்த்திவிட்டு, காற்றுப் புகாத பைகளில் கட்டினால், உள்ளே இருக்கும் பிராணவாயு தீர்ந்து வண்டுகள் மருந்தில்லாமலே மடிகின்றன. காய்கனிகளை வெயில் தணிந்த வேளையில் பறித்து, உடனே நிழலுக்குக் கொண்டுவந்து, மூட்டையில் திணிக்காமல், அடுக்கினாலும் நசுங்காத பிளாஸ்டிக் கூடைகளில் ஏற்றுவது போக்குவரத்துச் சேதத்தைக் கணிசமாகக் குறைக்கிறது.

படி 8: மீண்டும் எழுதுங்கள்

ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, முதல் படியில் செய்ததுபோல் மீண்டும் ஒரு வாரம் குறித்து, இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொத்த எடையைவிட, எந்தக் காரணம் மறைந்திருக்கிறது, எது அப்படியே நிற்கிறது என்பதில் கவனம் செலுத்துங்கள். நிற்கும் காரணங்களில் மிகப் பெரிய ஒன்றை மட்டும் அடுத்த மாதத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சரிசெய்யப் புறப்பட்டவர்கள் விரைவில் களைத்துவிடுகிறார்கள்.

வீட்டில் கை பழகியபின், நீங்கள் படிக்கும் அல்லது பணிபுரியும் இடத்தின் உணவுக்கூடத்துக்கு இதே கணக்கைக் கொண்டுபோகலாம். சில்லறை விற்பனையிலும் நுகர்விலும் தலைக்கு இவ்வளவு என்று வீணாகும் உணவை 2030-க்குள் பாதியாக்க வேண்டும் என்பது 2015-இல் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் ஒன்று என்பதால், பொறுப்பாளர்களிடம் பேசத் தயங்க வேண்டியதில்லை. தட்டுகளில் மிஞ்சியதற்கு ஒரு வாளியும், சமையலறையில் மிஞ்சியதற்கு வேறொரு வாளியும் வைத்து, ஒவ்வொரு நாளும் தனித்தனியே எடை போடச் சொல்லுங்கள். முதல் வாளி கனத்தால் பரிமாறும் அளவையும், இரண்டாவது கனத்தால் கொள்முதலையும் சமைக்கும் அளவையும் முதலில் குறைக்க வேண்டும்.